வீட்டை வித்தாச்சு... கரண்ட் பில் மட்டும் விடமாட்டேங்குது! பழைய ஓனரை துரத்தும் பாக்கி: தப்பிக்க என்ன வழி?

திருப்பூர்: வாடகைக்கு விட்டிருந்த வீட்டை வித்து, பத்திரம் முடிஞ்சு, சாவியும் கைமாறி மாசக்கணக்கு ஆயிடும். அப்பாடான்னு நிம்மதியா உட்காரும்போது செல்போன்ல 'டிங்'குன்னு ஒரு மெசேஜ் வரும். திறந்து பார்த்தா கரண்ட் பில் பாக்கி. வித்த வீட்டுக்கு நாம எதுக்கு பில் கட்டணும்? கட்டாம விட்டா என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் இ.பி. ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடையா நடப்பவர்கள் ஏராளம்.

திருப்பூர் வேலம்பாளையம் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் கதை இது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். 30 வருஷம் நின்னுக்கிட்டே வேலை பார்த்து சேர்த்த காசில் 4 வீடு கொண்ட லைன் வீடு கட்டினார். அந்த வாடகைதான் வயசான காலத்தில் சோறு போட்டது. மகள் கல்யாணத்துக்காக தை மாசக் கடைசியில் அதை விற்றார். வாங்கியவர் வெளியூர்க்காரர்.

4 வீட்டுக்கும் தனித்தனி கரண்ட் இணைப்பு. தண்ணி மோட்டாருக்கு பொதுவா ஒரு இணைப்பு. ஆக மொத்தம் 5 சர்வீஸ். அஞ்சும் பெரியவர் பேரில்தான் இருந்தது. பத்திரம் பதிந்த அன்னைக்கு யாருக்குமே அது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆவணி மாசம் வந்தது வினை. முன் வீட்டில் மெஸ் நடத்திய ஒருவர் பில் கட்டாமலேயே காலி பண்ணிப் போய்விட்டார். மோட்டார் பில்லை 'நீ கட்டு, நான் கட்டு'ன்னு யாரும் கட்டவில்லை. மின்வாரிய ஊழியர்கள் வந்து பியூசை பிடுங்கினார்கள். மோட்டார் ஓடாததால் 3 குடும்பங்கள் குடிக்கவும் குளிக்கவும் தண்ணி இல்லாமல் தவித்தன. குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கத்து தெருவுக்கு அலைந்தார்கள். புது ஓனர் போனை எடுக்கவில்லை. அதனால் அவர்கள் நேராக பழைய ஓனர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

பெரியவர் செல்போனை எடுத்துப் பார்த்தால் பல நாளாகவே மெசேஜ் வந்து கிடக்கிறது. முன் வீட்டுக்கு 7,900 ரூபாய். மோட்டாருக்கு 3,740 ரூபாய். மொத்தம் 11,640 ரூபாய் பாக்கி. எப்படியோ புது ஓனரை போனில் பிடித்து, "தம்பி, பில்லைக் கட்டி விடுங்க, பாவம் தண்ணி இல்லாம கிடக்குறாங்க" என்றார். வந்த பதில்: "ஏனுங்ணா, பில்லு உங்க பேர்லதானே வருது?"

பெரியவர் வாயடைத்துப் போனார்.

வீடு கைமாறினாலும் பில் கைமாறாது

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. பத்திரப்பதிவு ஆபீசில் கையெழுத்து போட்டதும் எல்லாமே புது ஓனர் பேருக்கு போயிடும்னு நினைக்கிறோம். நிலமும் கட்டிடமும்தான் போகும். கரண்ட் இணைப்பு என்பது உங்களுக்கும் மின்வாரியத்துக்கும் இடையில் உள்ள ஒரு ஒப்பந்தம். அதில் பெயர் மாற்றம் செய்யாத வரைக்கும் மின்வாரியத்தின் கணக்கில் நீங்கதான் நுகர்வோர். பில், மெசேஜ், நோட்டீஸ் எல்லாம் உங்களைத்தான் தேடி வரும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கு. ஒரே ஆள் பேரில் பல இணைப்பு இருந்து, ஒன்றில் பாக்கி விழுந்தால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு அவர் பேரில் உள்ள மற்ற இணைப்புகளையும் துண்டிக்க தமிழ்நாடு மின் விநியோக விதிகளில் இடம் இருக்கிறது. அதாவது, வித்த வீட்டு பாக்கிக்காக நீங்க குடியிருக்கிற வீட்டு கரண்டே போகலாம். "நான்தான் வித்துட்டேனே"ன்னு மெசேஜை அழிச்சுட்டு சும்மா இருப்பது இதனால்தான் தப்பு.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை கரண்ட் இணைப்போடு ஆதார் எண்ணை சேர்க்கச் சொன்னார்கள். அப்போது வாடகைக்கு இருப்பவர்கள் ஆதாரையும் சில இடங்களில் சேர்த்தார்கள். ஆதார் சேர்த்தது வேறு, பெயர் மாத்துவது வேறு. ஆதார் யாருடையதாக இருந்தாலும் இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. பட்டா, வீட்டு வரி ரசீது மாறிவிட்டதால் இதுவும் தானா மாறியிருக்கும்னு நம்பி விடாதீங்க. நேரில் கேட்டு உறுதி பண்ணிக்கணும்.

முதல்ல மெசேஜ் உண்மையான்னு பாருங்க

பாக்கி மெசேஜ் வந்ததும் பதறி அடிச்சு பணம் கட்டிடக் கூடாது. "இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த நம்பருக்கு பேசுங்கள்" என்று மெசேஜ் அனுப்பி பணத்தைக் கறக்கும் மோசடி கும்பல் பல வருஷமாகவே நடமாடுகிறது. அந்த நம்பருக்குப் பேசினால் ஏதாவது ஆப் இறக்கச் சொல்வார்கள், ஓ.டி.பி. கேட்பார்கள். கொடுத்தால் பேங்கில் இருக்கிற பணம் அம்பேல்.

எனவே மெசேஜில் உள்ள நம்பருக்கு போன் போடாதீங்க. லிங்க்கை தொடாதீங்க. பழைய பில் அட்டையில் உள்ள சர்வீஸ் நம்பரை எடுத்துக்கிட்டு, அந்த ஏரியா இ.பி. பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போய் கேளுங்க. போக முடியாதவர்கள் மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். எந்த சர்வீஸ், எந்த தேதி ரீடிங், எத்தனை யூனிட், எவ்வளவு பாக்கி என்பதை எழுதி வாங்கிக்கணும்.

எதிர்பாராத பில் எப்படியெல்லாம் வரும்?

வீட்டை வித்த பிறகு வருகிற பில் பெரும்பாலும் இந்த நாலு ரகத்தில் ஒன்றாக இருக்கும்.

முதல் ரகம், சாதாரண பில். நம்ம ஊரில் 2 மாசத்துக்கு ஒரு தடவைதான் வீட்டு ரீடிங் எடுப்பாங்க. நீங்க வித்த தேதி இரண்டு ரீடிங்குக்கும் நடுவில் விழுந்தால், அடுத்து வரும் பில்லில் கொஞ்ச நாள் உங்க பொறுப்பு, மிச்ச நாள் வாங்கியவர் பொறுப்பு. இதில் ஒரு சூட்சுமமும் இருக்கு. 2 மாச பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கு போடுகிற முறையே மாறி பில் எகிறும். புது ஆள் ஏ.சி. போட்டு ஓட்டினால் அந்த உயர்வு உங்க பங்கையும் சேர்த்து இழுத்துடும்.

இரண்டாவது, கதவு பூட்டு பில். ரீடிங் எடுக்க வரும்போது வீடு பூட்டிக் கிடந்தால் மீட்டரைப் பார்க்க முடியாது. பழைய பில் தொகையை வைத்து போடுவார்கள். அடுத்த முறை மீட்டரைப் பார்க்கும்போது விட்டுப்போன யூனிட் எல்லாம் சேர்ந்து கணக்குக்கு வரும். வாடகைக்கு ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டை வித்தவர்களுக்கு இந்த தொல்லை வரலாம்.

மூன்றாவது, கூடுதல் டெபாசிட். இணைப்பு வாங்கும்போது கட்டிய வைப்புத்தொகை இப்போதைய பயன்பாட்டுக்கு பத்தாது என்றால், கூடுதல் டெபாசிட் கட்டச் சொல்லி மின்வாரியம் கேட்கும். இது ஓடிப்போன கரண்டுக்கான காசு இல்லை. இனிமேல் பயன்படுத்தப் போகிறவர்தான் இதைக் கட்ட வேண்டும். வித்தவர் தலையில் கட்ட முடியாது.

நாலாவதுதான் ரொம்ப மோசம். வீட்டு இணைப்பில் கடை, மெஸ் மாதிரி வியாபாரம் நடத்துவது. 2003-ம் ஆண்டு மின்சார சட்டம் 126-வது பிரிவுப்படி இது அனுமதி இல்லாத பயன்பாடு. கண்டுபிடித்தால் அந்த வியாபாரத்துக்கு உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடலாம். எப்போதிலிருந்து நடக்கிறது என்று தெரியாவிட்டால் சோதனை நடந்த நாளுக்கு முந்தைய 12 மாசத்துக்கு கணக்கு போடுவார்கள். அந்த 12 மாசத்தில் நீங்க ஓனரா இருந்த மாசமும் சேர்ந்தால் புது ஓனர் உங்களையும் இழுப்பார். முதலில் வருவது தற்காலிக மதிப்பீடுதான். அதற்கு எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுக்க உரிமை உண்டு. ஆட்சேபத்தை விசாரித்துதான் இறுதி உத்தரவு போட வேண்டும். நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்பினால் இந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.

சட்டம் என்ன சொல்லுது?

1882-ம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம் 55-வது பிரிவு இதை தெளிவாகச் சொல்கிறது. விற்ற தேதி வரைக்கும் அந்த சொத்து மேல் உள்ள பொது வரிகளைக் கட்ட வேண்டியது விற்றவர். சொத்து கைமாறிய பிறகு வருவதைக் கட்ட வேண்டியது வாங்கியவர். வேறு மாதிரி பேசி எழுதிக்கொண்டால் தவிர இதுதான் விதி.

கரண்ட் பாக்கி விஷயத்தில் வாங்குறவருக்கும் பொறுப்பு உண்டு. புதுசா ஒரு சொத்துக்குள் வருகிறவர் பழைய பில்லை எல்லாம் சரிபார்த்து, பாக்கி இருந்தால் அது கட்டப்பட்டதா என்று உறுதி பண்ணிக்கணும் என்று தமிழ்நாட்டு விதிகள் சொல்கின்றன. அவர் கேட்டால் எவ்வளவு பாக்கி என்று மின்வாரியம் எழுதிக் கொடுக்கணும்.

சுப்ரீம் கோர்ட்டும் 2023 மே மாதம் கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் முக்கியமான தீர்ப்பு சொன்னது. பழைய ஓனர் வைத்த பாக்கியைக் கட்டினால்தான் அந்த இடத்துக்கு கரண்ட் தருவோம் என்று மின்வாரியம் புது ஓனரிடம் நிபந்தனை போடலாம், விதியில் அதற்கு இடம் இருந்தால் அது செல்லும் என்பதுதான் அந்த தீர்ப்பு. அதாவது பாக்கி என்பது பழைய ஓனரை பேரை வைத்து துரத்தும், புது ஓனரை கட்டிடத்தை வைத்து துரத்தும். இருவருமே தப்பிக்க முடியாது என்பது குறிப்பிடத்தக்கது.

பல வருஷம் கழித்து பழைய பாக்கி என்று கிளப்பினால்? மின்சார சட்டம் 56-வது பிரிவில் அதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு. ஒரு தொகை முதலில் கட்ட வேண்டிய நாளிலிருந்து 2 வருஷம் ஆகிவிட்டால், பில்லில் தொடர்ந்து பாக்கி என்று காட்டி வந்திருந்தால் ஒழிய, அதற்காக பியூசை பிடுங்க முடியாது. ஆனால் கோர்ட்டுக்குப் போய் வசூலிக்கும் வழி தனியாக இருக்கிறது. எனவே 2 வருஷம் ஓட்டிவிட்டால் தப்பிச்சுடலாம் என்று மனக்கணக்கு போடாதீங்க.

யார் பங்கு எவ்வளவு? எளிய கணக்கு

பில்லைப் பிரிக்க நாள் கணக்கு பார்ப்பதை விட யூனிட் கணக்கு பார்ப்பதுதான் நியாயம். அதற்கு பத்திரம் பதிந்த அன்றைய மீட்டர் ரீடிங் வேணும்.

ஒரு உதாரணம். போன ரீடிங் 12,340. வித்த அன்னைக்கு மீட்டரில் 12,560. அடுத்து ஊழியர் வந்து எடுத்த ரீடிங் 12,820. மொத்தம் ஓடியது 480 யூனிட். இதில் விற்பதற்கு முன் ஓடியது 220 யூனிட். பிறகு ஓடியது 260 யூனிட். பில் 1,680 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 480-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு மூன்றரை ரூபாய். விற்றவர் பங்கு 770 ரூபாய். வாங்கியவர் பங்கு 910 ரூபாய். சண்டை முடிந்தது.

அன்றைய ரீடிங்கை குறித்து வைக்காதவர்கள், இ.பி. கணக்கில் உள்ள ரீடிங் தேதிகளைப் பார்த்து நாள் கணக்கில் பிரிச்சுக்கலாம்.

பில் வந்தாச்சு... இப்போ என்ன செய்யணும்?

1. பத்திர நகலை எடுங்க. பதிவான தேதிதான் உங்க ஆயுதம். அதற்கு முன்னால் ஓடியது உங்களுது, பின்னால் ஓடியது அவருது.

2. ரீடிங் விவரம் வாங்குங்க. எந்த பில் எந்த தேதியிலிருந்து எந்த தேதி வரை என்று இ.பி. ஆபீசில் கேளுங்க.

3. வாங்கியவரிடம் முதலில் பொறுமையா பேசுங்க. சத்தம் போட்டு சண்டை போட்டால் வேலை ஆகாது. பில் காப்பியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, தேதியைக் காட்டி, 'இது உங்க காலத்து பில்'னு எழுத்தில் சொல்லுங்க. அந்த மெசேஜை அழிக்காதீங்க.

4. பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு மனு கொடுங்க. 'இன்ன தேதியில் இன்ன பத்திர எண்படி விற்றுவிட்டேன், வாங்கியவர் பெயர், விலாசம் இது, அவர் பேருக்கு மாற்ற எனக்கு சம்மதம்' என்று எழுதி, பத்திர நகலையும் இணைக்கணும். மனுவின் இன்னொரு காப்பியில் தேதி போட்டு சீல் வாங்க மறக்காதீங்க. வாய்வார்த்தை காத்தோடு போயிடும்.

5. பெயர் மாற்றத்தை முடிங்க. வாங்கியவர்தான் விண்ணப்பிக்கணும். பத்திர நகல், ஆதார் நகல், பழைய ஓனரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். சம்மதக் கடிதம் இல்லாவிட்டால் உறுதிமொழிப் பத்திரமும் புது டெபாசிட்டும் கொடுத்து மாற்றிக்கொள்ள அவருக்கு வழி உண்டு. ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். பாக்கியைத் தீர்த்த பிறகுதான் பேர் மாறும்.

6. பில்லே தப்பு என்று தோன்றினால், மறுத்துக்கொண்டே கட்டும் வழி உண்டு. கேட்ட தொகை அல்லது கடந்த 6 மாச சராசரிப்படி வரும் தொகை, இதில் எது குறைவோ அதை ஆட்சேபத்தோடு கட்டினால், தகராறு தீரும் வரை இணைப்பை துண்டிக்கக் கூடாது என்று 56-வது பிரிவே சொல்கிறது.

7. அங்கேயும் தீராவிட்டால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கு. அதிலும் திருப்தி இல்லாவிட்டால் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு போகலாம். வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம்.

வேறு வழி இல்லாமல் வாங்கியவர் பங்கையும் நீங்களே கட்டிட்டீங்களா? பணம் போச்சுன்னு விட்டுடாதீங்க. இன்னொருவர் கட்ட வேண்டிய பணத்தை, தன் நலன் பாதிக்கப்படும் என்பதால் ஒருவர் கட்டினால், அதைத் திரும்பக் கேட்க 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 69-வது பிரிவு உரிமை தருகிறது. ரசீதை பத்திரமா வையுங்க. கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் இரு தரப்பையும் கூப்பிட்டு சமரசம் பேசுவார்கள். சில ஆயிரம் ரூபாய்க்காக வருஷக்கணக்கில் வழக்கு நடத்துவதை விட இது எவ்வளவோ மேல்.

கோபத்தில் கரண்டை வெட்டாதீங்க

"என் பேர்லதானே இருக்கு, எழுதிக் கொடுத்து மொத்தமா வெட்டி விட்டுடறேன்" என்று சிலர் கிளம்புவது உண்டு. இது கூடவே கூடாது. விற்ற சொத்தில் அந்த உரிமை உங்களுக்கு இல்லை. உள்ளே இருக்கிற வாடகைக் குடும்பம் என்ன பாவம் செய்தது? படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், கைக்குழந்தை இருக்கும். வாடகைக்கு இருப்பவருக்கு கரண்ட், தண்ணி மாதிரி அத்தியாவசிய வசதியை ஓனர் நிறுத்தக் கூடாது என்று 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் சொல்கிறது. புது ஓனருக்கும் இது பொருந்தும்.

மெசேஜ் வருகிற செல் நம்பரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியா இருப்பவர்களும் உண்டு. மெசேஜ் நிற்கும், பாக்கி நிற்காது.

வீட்டு வரி, தண்ணி வரியையும் பாருங்க

கரண்டோடு கதை முடியாது. சொத்து வரி வருஷத்துக்கு 2 தடவை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொரு அரையாண்டு. தை மாசம் விற்றால் அந்த அரையாண்டு வரி பெரும்பாலும் விற்றவர் கணக்கில்தான் இருக்கும். பிரிக்க வேண்டுமானால் முன்கூட்டியே பேசிக்கணும். தண்ணி கட்டணம், பாதாள சாக்கடை இணைப்பு இருந்தால் அதற்கான கட்டணம், இதெல்லாம் தனித்தனி எண்ணில் இருக்கும். ஒன்றுக்கு பேர் மாத்தினால் மற்றதும் மாறியதா என்று மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ, நகராட்சி, ஊராட்சி ஆபீசிலோ கேட்டுப் பார்க்கணும். விற்ற விவரத்தை பத்திர நகலோடு எழுதிக் கொடுக்காத வரை டிமாண்ட் நோட்டீஸ் பழைய பேருக்கேதான் வந்து விழும்.

கேஸ் சிலிண்டர் இணைப்பு வீட்டோடு ஒட்டியது இல்லை. அது அந்த நபரோடு போகும். போன், இன்டர்நெட் லைன் உங்க பேரில் இருந்தால் எழுதிக் கொடுத்து நிறுத்துங்க. ஓனர் பேரில் லைன் போட்டு வாடகைக்காரர் பயன்படுத்திய கதை நிறைய உண்டு.

விற்கும் முன் செய்ய வேண்டியவை

* பத்திரம் பதியும் நாளில் இரு தரப்பும் சேர்ந்து மீட்டர் முன்னால் நின்று ரீடிங் தெரிகிற மாதிரி செல்போனில் படம் பிடிங்க. தேதி தெரிந்தால் ரொம்ப நல்லது. எத்தனை மீட்டர் இருக்கிறதோ அத்தனைக்கும் எடுக்கணும். மோட்டார் மீட்டரை மறக்காதீங்க.

* விற்பனை ஒப்பந்தத்தில் எல்லா சர்வீஸ் நம்பரையும் எழுதி, 'இந்த தேதி வரை விற்பவர், அதன் பிறகு வாங்குபவர்' என்று ஒரு வரி சேருங்க. இத்தனை நாளைக்குள் பெயர் மாற்றணும் என்றும் எழுதலாம்.

* பெயர் மாற்ற சம்மதக் கடிதத்தை அன்றைக்கே கையெழுத்து போட்டுக் கொடுத்துடுங்க. மின்வாரியத்தில் நீங்க கட்டிய டெபாசிட் பணம் அந்த சம்மதத்தோடு புது ஓனர் பேருக்குப் போயிடும். எனவே எவ்வளவு டெபாசிட் இருக்கிறது என்று பார்த்து, அந்த தொகையை வாங்குபவரிடம் கேட்டு வாங்கிக்கங்க. நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

* வாடகைக்காரர் காலி பண்ணினால், கடைசி கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்சை திருப்பிக் கொடுங்க. அவர் தொடர்ந்து இருக்கப் போகிறார் என்றால், அட்வான்ஸ் பணத்தை வாங்குபவரிடம் ஒப்படைத்து, மூன்று பேரும் ஒரு பேப்பரில் கையெழுத்து போடுங்க.

* ஒரு மாசம் கழித்து சர்வீஸ் நம்பரைப் போட்டு பேர் மாறியிருக்கிறதா என்று பார்த்து உறுதி பண்ணுங்க.

வாங்குறவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: பத்திரத்துக்கு முன்னால் பாக்கி இல்லை என்று இ.பி. ஆபீசில் எழுத்தில் கேளுங்க. விலையில் நூறு ரூபாய்க்கு பேரம் பேசுகிறோம், பில் பாக்கியைக் கேட்க மறந்துடறோம்.

பெரியவர் பிரச்சினை என்ன ஆச்சு?

வேலம்பாளையம் பெரியவர் மகளோடு இ.பி. ஆபீசுக்குப் போனார். ரீடிங் விவரத்தை எடுத்துப் பார்த்ததில் ஒரு நல்ல காலம். பத்திரம் பதிந்த 4-வது நாளே ரீடிங் எடுத்திருக்கிறார்கள். அந்த பில்லையும் பழைய பழக்கத்தில் பெரியவரே கட்டியிருந்தார். ஆக 11,640 ரூபாயும் அதற்குப் பிறகு ஓடியது. ஒரு ரூபாய் கூட அவர் பங்கு இல்லை.

பத்திர நகலையும் ரீடிங் தேதியையும் வாட்ஸ்அப்பில் பார்த்த புது ஓனர் இறங்கி வந்தார். பாக்கியைக் கட்டினார். மோட்டார் ஓடியது. 5 இணைப்புக்கும் பெயர் மாற்ற மனு கொடுத்தார்கள். டெபாசிட் பணத்தைக் கேட்கணும் என்பது பெரியவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ரீடிங் 4 நாளில் எடுத்ததால் அவர் தப்பினார். எல்லோருக்கும் அப்படி அமையாது. வீட்டை விற்கிற அன்னைக்கு சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் மீட்டர் பெட்டியைத் திறந்து ஒரு போட்டோ எடுங்க. 2 நிமிஷ வேலை. 7 மாசம் கழித்து வரும் தலைவலிக்கு அதுதான் மருந்து.